பம்பு நின்றதைப் பார்த்தவர்கள்

நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிய ஈரம்கூடக் காயாமல் வந்து உட்கார்ந்து, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் மயில்வாகனன். அந்தப் பம்பு நிற்கவே மாட்டேன் என்கிறது. ஓடாத மெஷினை ஓடவைக்கத்தான் ஊரில் எல்லாருக்கும் சம்பளம். ஓடுகிற மெஷின் எப்போதடா நிற்கும் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கச் சம்பளம் வாங்குகிறவன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே தான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டான். சிரிப்பு வரவில்லை. சின்னப் பம்புதான். ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறவர்களின் கட்டிலோரம் கம்பியில் மாட்டிவைத்திருப்பார்களே, ஊசிக்குழாயின் பின்புறத்தை ஒரு திருகு மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க, மருந்து போகிறதா இல்லையா என்றே தெரியாமல் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்குமே, அது. இங்கே மருந்து இல்லை, தண்ணீர். ஆளும் இல்லை, கேன்டீனிலிருந்து பிலோமினா தூக்கிக்கொண்டு வந்த எவர்சில்வர் டம்ளர். சரவணம்பட்டிக்கு அந்தாண்டை இருக்கிற இந்தக் கம்பெனி செய்வது பம்பின் மூளையை மட்டும், அந்தப் பச்சை போர்டை. அதில் ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடி, கெர்னல், அது மயில்வாகனன் பொறுப்பு. ஏ.சி. காற்று பிடரியில் நேராக விழுகிறது, சாப்பிட்ட தயிர்சாதம் நெஞ்சில் நிற்கிறது. சாதம் நிற்கிறது, பம்பு நிற்கவில்லை.

ஆனால் அது நின்றது. அவன் பார்த்தான். போன வாரம் ஒரு தரம், திங்கட்கிழமை மறுபடியும் ஒரு தரம். எச்சில் விழுங்குகிற நேரம்தான் இருக்கும். திருகு அப்படியே உறைந்தது, அலாரம் அடிக்கவில்லை, திரையில் எண் அசையவில்லை, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி தள்ள ஆரம்பித்துவிட்டது. களவாணிப் பயல். இன்றைக்கு எச்சில் விழுங்குகிற நேரம், நாளைக்கு ஒரு கொட்டாவி நேரம் நிற்காது என்று எவன் எழுதிக் கொடுப்பான்? ரத்த அழுத்தம் விழாமல் தாங்குகிற மருந்து ஒரு கொட்டாவி நேரம் நின்றால் கட்டிலில் கிடக்கிறவர் என்ன ஆவார் என்று யோசிக்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. அதைத்தான் மேனேஜர் நந்தகோபாலிடம் போய்ச் சொன்னான். நல்ல மனுஷன், கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ பார்த்தீன்னா நான் நம்பறேன் மயிலு. புனேக்காரன் நம்புவானா? ட்ரேஸ்ல காட்டு. அவனுக்குக் கண்ணு அதுதான்" என்றார். புனேக்காரன் என்றால் போர்டை வாங்குகிற கம்பெனி. அவர்கள் ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறார்கள், கோளாறு என்று ஒன்றைச் சொன்னால் அது ட்ரேஸில் தெரிய வேண்டும். வேறு எந்தக் கருவியை மாட்டிக் காட்டினாலும் அது நீங்கள் மாட்டிய லட்சணம் என்று சொல்லிவிடுவார்கள். போனில் படம் பிடிக்கலாம் என்றால் லேப்புக்குள் போனே கூடாது, வாசலில் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வரவேண்டும், அதுவும் அவர்கள் போட்ட சட்டம்தான். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ட்ரேஸில் காட்டாவிட்டால் நாளைக்கு முதல் லோடு லாரி ஏறுகிறது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள், இங்கே ஏழை பணக்காரன் கணக்கெல்லாம் இல்லை, ட்ரேஸ் இல்லாத சொல் ஏறாது.

ட்ரேஸ் என்பது ஒன்றும் மாயமந்திரம் இல்லை. கெர்னல் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் முணுமுணுத்துக்கொண்டே செய்ய வேண்டும், இதோ மோட்டாரை எழுப்புகிறேன், இதோ சென்சாரைக் கேட்கிறேன், இதோ தூங்கப் போகிறேன் என்று. அந்த முணுமுணுப்பு தனி வழியாக வெளியே வரும், இந்தப் பக்கம் ஒரு டப்பா அதைப் பிடித்து எழுதிவைத்துக்கொள்ளும். முணுமுணுக்கிற பாஷை ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று உலகத்து சிப் கம்பெனிகள் எல்லாம் கூடி ஒரு புரோட்டோகால் வைத்திருக்கின்றன. அந்தப் பாஷையைக் கெர்னலுக்குக் கற்றுக்கொடுக்கிற டிரைவரைத்தான் அவன் இந்த நாலு நாளாகக் கட்டிக்கொண்டு அழுகிறான். டிரைவரை ஏற்றினால் மட்டும் போதுமா, அது பாட்டுக்குப் பேசாமல் உட்கார்ந்திருக்கும். யார் பேசலாம், எந்த வழியில் பேசலாம், என்ன அடையாளத்தோடு பேசலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். அதற்கு ஒரு டைரக்டரி உண்டாக்க வேண்டும், அதன் பெயரிலேயே எல்லாம் இருக்கும், டப்பாவின் பெயர், ஒரு புள்ளி, புரோட்டோகாலின் பெயர், ஒரு புள்ளி, கடைசியில் நாமாக வைக்கிற ஒரு பெயர். ஒரு புள்ளி தப்பினாலும் தப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும், எது தப்பு என்று சொல்லாது, மாமனார் வீட்டுக் கோபம். முதல் நாள் முழுக்க அப்படியே போனது. கடைசியில் ஏறியபோது, நாமாக வைக்கிற பெயருக்கு என்ன வைப்பது என்று யோசிக்கக்கூட இல்லை, விரல் பாட்டுக்கு அடித்தது. ஆங்கில எழுத்தில் மரகதம் என்று அடித்திருந்தது. அவனே பார்த்துத் திடுக்கிட்டான். மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

மரகதம் அவன் அக்கா. அவளும் நிற்பாள். பொள்ளாச்சி வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், கை தட்டிலேயே நின்றுவிடும், கண் திறந்திருக்கும், இமை மட்டும் லேசாகத் துடிக்கும், கூப்பிட்டால் கேட்காது. எச்சில் விழுங்குகிற நேரம். பிறகு விட்ட இடத்திலிருந்து பிசைவாள். என்னடி பேசாம இருக்கே என்று அம்மா கேட்டால், யாரு, நானா என்பாள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. திமிரு என்றாள் அம்மா. கனவு காண்கிறாள், எவன் பின்னாலோ மனசு போகுது, சீக்கிரம் கட்டிக்கொடு என்றாள் பெரியத்தை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற இவனுக்குத்தான் தெரியும் அது திமிரும் இல்லை கனவும் இல்லை என்று, ஏனென்றால் அந்த நேரத்தில் அவள் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்தால்கூட அவளுக்குத் தெரியாது, அப்பளத்துக்கு அவள் எப்படிச் சண்டை போடுவாள் என்று அவனுக்கல்லவா தெரியும். நச்சரித்து நச்சரித்து அப்பாவைக் கோயமுத்தூர் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போக வைத்தான். தலை நிறைய ஒயர். பசை தடவி ஒட்டினார்கள், அக்காவுக்குக் கூச்சம், சிரித்தாள். வேகமாக மூச்சு விடச் சொன்னார்கள், கண்ணில் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள். அவன் கதவோரம் நின்று மனசுக்குள் கெஞ்சினான், நில்லு அக்கா, இப்ப ஒரு தரம் நில்லு, ஒரே ஒரு தரம். நிற்கவில்லை. காகிதம் மடிப்பு மடிப்பாக வந்தது, கோடு கோடாக, சீராக. ஒண்ணுமில்லை, பொண்ணு நல்லா இருக்குது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தவள், பாதி முறுக்கோடு நின்றாள். யாரிடம் சொல்வது? அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

வேண்டாம், அதற்கு மேல் போகாதே. பம்பைப் பார். ஓடுகிறது. டம்ளரில் சொட்டு விழுகிறது. மேஜையின் அந்தக் கோடியில் பிலோமினா கையுறை போட்டுக்கொண்டு அடுத்த போர்டில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். டெஸ்டிங் பிரிவு அவளுடையது, ஆனால் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை, மாமியார் படுக்கையில், புருஷன் வேலை பார்த்த மில் மூடி ரொம்ப நாளாயிற்று, இந்த மாசக் கடைசியில் அவள் ஒப்பந்தத்தில் நந்தகோபால் கையெழுத்துப் போடவேண்டும். இதெல்லாம் அவள் சொல்லி அவனுக்குத் தெரியாது, எல்லாருக்கும் தெரிந்த மாதிரி அவனுக்கும் தெரியும். "சார், காலையிலேர்ந்து பாக்கறேன், நீங்க இமைகூட கொட்டறதில்லீங்க. கண்ணு என்னத்துக்காகுமுங்க?" என்றாள். "காலையில வெச்ச செட்டிங்லயேதான் ஓடுதுங்க. அதுதான் நிக்க மாட்டேங்குது" என்றான். "ட்ரேஸை நிறுத்தினா நிக்குதுங்களா?" "திங்கட்கிழமை நின்னுது." "அப்ப கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்" என்று சிரித்தாள். சிரிப்பதற்கில்லை, அதேதான் சங்கதி. முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிறவன் முணுமுணுக்காமல் செய்கிற வேகத்தில் செய்ய முடியுமா? காலையிலிருந்து ஒவ்வொரு முணுமுணுப்போடும் மணி பார்த்து மணியையும் சேர்த்துச் சொல் என்று வைத்திருக்கிறான், டைம்ஸ்டாம்ப். எந்தக் காரியத்துக்கும் எந்தக் காரியத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரிந்தால்தானே நின்றது தெரியும். ஆனால் அந்த மணி பார்க்கிற வேலையே போர்டை ஒரு மயிரிழை மெதுவாக்கிவிடுகிறது. எங்கேயோ இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கிறது என்றால், ஒன்று மயிரிழை தாமதித்து வந்தால் முட்டாது, வணக்கம் சொல்லி விலகிப் போய்விடும். கவனித்துப் பார்த்தால் வியாதி இல்லை. யாரும் பார்க்காதபோதுதான் அதற்கு வியாதி.

அப்படி ஒரு வியாதி உண்டு என்று சொன்னால் உன்னைத்தான் பார்ப்பார்கள். திங்கட்கிழமை நின்றதைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். போன வாரம் நின்றதையும் நீ ஒருத்தன்தான். இரண்டு தரமும் பக்கத்தில் ஆள் இல்லை. இல்லாமலா, பிலோமினா இருந்தாள், திரும்பிப் பார்ப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. சரி, ஒன்று கேட்கிறேன், மயில்வாகனா, நின்றது பம்புதானா? இந்தக் கேள்வி ராத்திரியெல்லாம் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது, இப்போது மேஜை மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அக்காவுக்கு ஓடியது எந்த ரத்தமோ அதேதான் உனக்கும் ஓடுகிறது. அவளுக்குத் தான் நிற்பது தெரியாது, யாரு, நானா என்பாள். உனக்குத் தெரியுமா? போன மாசம் அவினாசி ரோடு சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்களே, யோசனையில் இருந்தேன் என்று வீட்டில் சொன்னாயே, யோசனைதானா? என்ன யோசனை, ஞாபகம் இருக்கிறதா? நிற்கிறவனுக்கு உலகம் நின்ற மாதிரி தெரியுமா? தெரியாது, மடையா, நிற்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது, விட்ட இடத்திலிருந்து பிசைவான். அப்படியானால் நீ பார்த்தது பம்பு நின்றதைத்தான். ஆனால் ஒருவேளை. ஆனால் ஒருவேளை என்ன? பயமாக இருந்தது. வேலை போகும் என்று பயமில்லை, வேலை போகாது, இந்தக் காலத்தில் கெர்னல் தெரிந்தவனை யார் விடுவார்கள். இன்னொரு ஆள் வாயைத் திறந்து ஆமாம், நின்றது, நானும் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேண்டும். அது போதும். நாற்பத்தேழு வயசில் அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

அக்காவுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை. கட்டிக்கொடுத்த ஊரில் ரயில் பாதையைத் தாண்டித்தான் ரேஷன் கடை. கேட் போட்டிருந்தான், எல்லாரும் குனிந்து போகிற மாதிரி அவளும் போனாள், கையில் மண்ணெண்ணெய்க் கேன். நடுத்தண்டவாளத்தில் நின்றாள். கேட்காரன் கத்தினானாம், தொண்டை கிழியக் கத்தினேன் சாமி, அந்தப் பொண்ணு வண்டியைப் பாத்துக்கிட்டே நின்னுச்சு, ஓடவேயில்லை. பாத்துக்கிட்டே நின்றாளாம். பார்த்தாளா? யாருக்குத் தெரியும், கண் திறந்திருந்தது. தானாகப் போய் நின்றுகொண்டாள் என்று ஊர் சொன்னது. புருஷன் வீட்டார், எங்க பேரைக் கெடுக்கத்தான் நின்றாள் என்றார்கள். அம்மா மாரில் அடித்துக்கொண்டு, என்னடி குறை வெச்சாங்க உனக்கு என்று பிணத்தைக் கேட்டாள். அவ நிக்கலை அம்மா, அவளுக்கு நின்னுபோச்சு என்று இவன் சொன்னான், ஒவ்வொருத்தரையும் பிடித்துப் பிடித்துச் சொன்னான், சித்தப்பா, கேட்காரர், போலீஸ்காரர். சின்னப் பையன், அக்கா மேல பாசம் என்று தலையைத் தடவினார்கள். அப்பா பீரோவைத் திறந்து டாக்டர் கொடுத்த காகிதத்தை எடுத்துவந்து காட்டினார், ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்குது பாரு, பெரிய டாக்டரு. கோடு கோடாக, சீராக. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து அழுதால் நன்றாகவா இருக்கும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீபோர்டை இழுத்தான் மயில்வாகனன்.

மணி பார்ப்பதைக் குறைத்துப் பார்க்கலாம். டிரைவரில் அதற்கென்று ஒரு இடைவெளி உண்டு, இத்தனை நேரத்துக்கு ஒரு தரம் மணி சேர்த்தால் போதும், நடுவில் வெறுமனே முணுமுணு என்று எண்ணைப் பெரிதாக்கலாம். பெரிதாக்கினால் போர்டுக்குச் சுமை குறையும், பழைய வேகம் வரும், பழைய புத்தியும் வரும், நிற்கும். ஆனால் நடுவில் மணி இல்லாமல் நின்றால் எவ்வளவு நேரம் நின்றது என்று எப்படித் தெரியும்? தெரியாது. முன்னால் சொன்ன வார்த்தை, பின்னால் சொன்ன வார்த்தை, இரண்டும் ஒட்டினாற்போல வரிசையாக உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு யுகம் போயிருந்தாலும். இது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தான். முதலில் நிற்கட்டும். ட்ரேஸ் ஓடும்போதும் இது நிற்கும் என்று முதலில் தெரியட்டும், பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே போகலாம், எந்த எண்ணில் நிற்கவும் நிற்கும், தெரியவும் தெரியும் என்று ஒரு எண் இல்லாமலா போய்விடும். இருக்கும். இருக்கவேண்டும். எண்ணைப் பெரிதாக்கினான், பதிவை ஆரம்பித்தான். இந்த லேப்பில் பிடிக்கிற ட்ரேஸ் எதுவானாலும் அந்தந்த நேரத்திலேயே புனேக்காரர்களுக்கும் தெரிகிற பொது ஃபோல்டரில் போய் விழும், ஒளிவு மறைவு கூடாது என்று நந்தகோபால்தான் போன வருஷம் அப்படிப் பண்ணிவைத்தார், அதற்கு ஒரு கேக்கும் வெட்டினார்கள். அது அந்த நிமிஷம் மயில்வாகனன் ஞாபகத்தில் இல்லை. அவன் ஞாபகமெல்லாம் திருகின் மேல் இருந்தது.

ஓடுகிறது. ஓடுகிறது. பக்கத்து ஷெட்டில் எவனோ இரும்பறுக்கிறான், பல் கூசுகிறது. ஓடுகிறது. வீட்டுக்குப் போகும்போது தக்காளி வாங்கிவரச் சொன்னாளே பெண்டாட்டி, தக்காளியா வெங்காயமா? ஓடுகிறது. கண்ணை மூடாதே, இமை கொட்டுகிற நேரத்தில் நின்றுவிட்டு ஓடினால் என்ன செய்வாய்? இமை கொட்டாமல் எத்தனை நேரம் இருப்பாய், மனுஷன்தானே. பிலோமினா திருகாணி முடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "நானும் பாக்கறனுங்க சார், ரெண்டு பேரா பாத்தா ஒருத்தர் கண்ணு சிமிட்டினாலும் இன்னொருத்தர் பாக்கலாமுங்க" என்று நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவள் மேல் கொஞ்சம் ஈயப் பற்றின் வாசனை, கொஞ்சம் மல்லிகைப்பூ வாசனை. அவனுக்கு அழுகை மறுபடி முட்டியது, இந்த முறை நன்றியில். இரண்டு பேரும் அடுப்பில் பால் வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓடுகிறது. ஓடுகிறது. திருகின் நுனியில் ஒரு சின்னக் கறுப்பு மச்சம், பேனாவால் அவன் வைத்தது, அது சுற்றிச் சுற்றி மேலே வருகிறது, கீழே போகிறது, மேலே வருகிறது, மேலே.

மேலேயே இருந்தது. அவனுக்கு மூச்சு நின்றது. இப்போது நானா, பம்பா? "சார்!" என்று பிலோமினா அவன் முழங்கையைப் பிடித்துவிட்டாள். "சார், நின்னுருச்சு, நின்னுருச்சுங்க சார், பாருங்க, ஏசுவே!" மச்சம் அசைந்தது, கீழே போனது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மயில்வாகனன் நாற்காலியில் பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். நின்றது. பம்புதான் நின்றது. பார்த்தாயா, அவளும் பார்த்தாள், அவள் வாய் விட்டுச் சொன்னாள், நான் கேட்டேன். அவன் மனசு குதித்தது, தெருவில் இறங்கி யாருக்காவது முட்டாய் வாங்கித் தரலாம் போலிருந்தது. இத்தனை வருஷத்தில் இன்னொரு வாய் அவனோடு சேர்ந்து நின்னுருச்சு என்று சொன்னது இதுதான் முதல் தடவை. "பாத்தீங்கல்ல? பாத்தீங்கல்லங்க பிலோமினா?" "அய்யோ, பாத்தனுங்க சார், உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க. இத்தனை பெரிய கோளாற வெச்சுக்கிட்டு லாரி ஏத்தப் பாத்தாங்களே." அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். அவன் பதிவை நிறுத்திவிட்டு ட்ரேஸைத் திறந்தான். மோட்டாரை எழுப்புகிறேன். சென்சாரைக் கேட்கிறேன். தூங்குகிறேன். மோட்டாரை எழுப்புகிறேன். வரிசை வரிசையாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஒரு பிசிறு இல்லாமல். மேலே தேடினான், கீழே தேடினான். எந்த இரண்டு வரிக்கு நடுவில் அது நின்றது? எல்லா வரியும் ஒன்றுபோலவே இருந்தது. தெரியாது என்று தெரிந்தேதான் செய்தாய், பரவாயில்லை, இப்போது இறுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு, சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கதவு திறந்தது. நந்தகோபால் போனும் கையுமாக உள்ளே வந்தார், மேனேஜருக்கு மட்டும் போன் சட்டம் கிடையாது. முகமெல்லாம் பல்.

"மயிலு, சாதிச்சிட்டேய்யா! புனேயிலிருந்து இப்பத்தான் பேசினாங்க. நீ புதுசாப் பிடிச்ச ட்ரேஸைப் பாத்துட்டாங்களாம், அத்தனை சுத்தமா இருக்குதாம். இந்த மாதிரி இது வரைக்கும் வந்ததேயில்லைங்கறான். நாளைக்குக் காலையில லோடு ஏத்திரலாம்னு சொல்லிட்டான். கேன்டீன்ல எல்லாருக்கும் டீ சொல்லியிருக்கேன்."

மயில்வாகனன் எழுந்து நின்றான். "சார், அந்த ட்ரேஸ் ஓடறப்பத்தான் சார் நின்னுது. இடைவெளியைப் பெருசாக்கி வெச்சிருந்தேன், அதனாலதான் அதுல தெரியலை. அதை அவங்களுக்குன்னு நான் அனுப்பவே இல்லீங்க சார்."

"தெரியலைன்னா?"

"நின்னதை நான் பாத்தேன் சார். இந்த முறை நான் மட்டும் இல்லை. பிலோமினாவும் பாத்தாங்க."

நந்தகோபால் திரும்பினார். கோபமே இல்லை அவர் முகத்தில், அதுதான் கொடுமை. களைப்பாக, கொஞ்சம் கெஞ்சுகிற மாதிரிகூடக் கேட்டார். "ஏம்மா, நீ பாத்தியா?"

பிலோமினா கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடைசி விரல் வரைக்கும் கழற்றினாள். சொல்லு, சொல்லும்மா, சத்தமாகச் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும் என்று மயில்வாகனன் மனசுக்குள் கெஞ்சினான். இந்த மாசக் கடைசி என்று அவனுக்கும் ஞாபகம் வந்தது. அவள் நிமிரவில்லை.

"நான் தண்ணி குடிக்கப் போயிருந்தனுங்க சார். கவனிக்கலீங்க."

தண்ணீர் குடிக்கப் போனாள், நிஜம், அதற்கப்புறம் போனாள். முழங்கையில் அவள் பிடித்த இடம் இன்னும் வலிக்கிறதா? வலிக்கிற மாதிரி இருக்கிறது. பிடித்தாளா? ஏசுவே என்றாளே, அது யார் சொன்னது? அவள்மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. அவளுக்கு ஒரு படுக்கையும் ஒரு மூடிய மில்லும் இருக்கிறது, ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். நந்தகோபால் அவன் தோளில் கை வைத்தார். நாலு நாளா தூங்காம இருக்கே, ரெண்டு நாள் லீவு போடு, வீட்டுல நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு, நான் பாத்துக்கறேன் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார், நல்ல மனுஷன், நல்ல மனுஷன்தான். சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நிறுத்தினார்.

பம்பு நின்றிருந்தது.

திருகு அசையவில்லை. ஊசிக்குழாயின் மூக்கில் ஒரு சொட்டு, விழாமல் தொங்கியது. முன்னைவிட அதிக நேரம். எச்சில் விழுங்குகிற நேரம் தாண்டிவிட்டது, கொட்டாவி நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது. நந்தகோபாலின் கை அவன் தோள்மேல் கனத்தது, அவர் கண் பம்பின் மேலேயே இருந்தது. பிலோமினாவின் கை வாய்க்குப் போயிற்று. அலாரம் அடிக்கவில்லை. மயில்வாகனன் பம்பைப் பார்க்கவில்லை, அவர்கள் இருவர் முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஆகவே அவனுக்கு இனிச் சந்தேகம் என்று ஒன்றும் கிடையாது. பிறகு அது ஓட ஆரம்பித்தது. சொட்டு டம்ளரில் விழுந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. நந்தகோபால் கையை அவன் தோளிலிருந்து எடுத்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"வாங்க, டீ ஆறிப்போயிரும்" என்றார்.

பிலோமினா முன்னால் போனாள். மயில்வாகனன் பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு அவர்கள் பின்னால் போனான்.